ஊர் திரும்பும் நாற்பது நாட்கள்: சீன வசந்த விழாவின் உறவுப் பயண வரலாறு

குளிர்காலத்தின் இறுதியில் வரும் புத்தாண்டு விடுமுறைக்குச் சொந்த ஊர் திரும்பி, பெற்றோரோடு அமர்ந்து உண்டு, அதன்பின் உறவினர் வீடுகளுக்கு முறைப்படி சென்று வரும் சீன வழக்கம் ஈராயிரம் ஆண்டுத் தொன்மை உடையது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. விழாவைப் பொறுத்தவரை இக்கூற்றில் பிழையில்லை. ஆனால் கோடிக்கணக்கானோர் ஒரே காலத்தில் ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வீடு சேரும் பெரும்பயணம் அந்த விழாவின் பழைய உறுப்பன்று. அது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குடும்பங்களைப் பிரித்து வைத்த அரசாணைகளாலும் அவர்களைச் சில நாட்களுக்கு மட்டும் சேர்த்து வைத்த ரயில் பாதைகளாலும் உருவானது. பழைய விழா உறவினர் அனைவரும் நடந்து செல்லும் தொலைவில் இருப்பதாக எடுத்துக்கொண்டு அமைந்தது; புதிய பயணமோ அவர்கள் அவ்வாறு இல்லை என்பதிலிருந்து பிறந்தது.

விழா நாள் சந்திரனையும் சூரியனையும் இணைத்துக் கணிக்கப்படுகிறது. சூரியன் தென்கோடியை எட்டும் குளிர்கால நாளுக்குப் பின் வரும் இரண்டாவது அமாவாசை பெரும்பாலும் ஆண்டின் முதல் நாளாகக் கொள்ளப்படுவதால், அது ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே விழுகிறது. தமிழ்ப் பஞ்சாங்கத்தின் தை அமாவாசையும் பெரும்பாலான ஆண்டுகளில் இதே அமாவாசைதான். கி.மு. 104இல் ஹான் பேரரசர் வூவின் காலத்தில் செய்யப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தம் இந்த மாதத்தை ஆண்டின் தொடக்கமாக நிலைநிறுத்தியது. அறுவடை முடிந்து நிலம் உறைந்து கிடக்கும் இப்பருவத்தில் உழவருக்கு வேலை இராது என்பதால், மூதாதையர் வழிபாட்டுக்கும் உறவினர் சந்திப்புக்கும் இதைவிடப் பொருத்தமான காலம் வேளாண் சமூகத்துக்கு வாய்த்திருக்க முடியாது.

ஆறாம் நூற்றாண்டில் சோங் லின் என்பவர் யாங்சி ஆற்றின் நடுப்பகுதியில் வழங்கிய பருவ வழக்கங்களைத் தொகுத்து எழுதிய நூலில், புத்தாண்டுக் காலையில் முற்றத்தில் மூங்கிலை நெருப்பிலிட்டு வெடிக்கச் செய்து தீய ஆவிகளை விரட்டுவதும், குடும்பத்தார் அனைவரும் மூலிகை மது அருந்துவதும் பதிவாகியுள்ளன. மற்ற எல்லாச் சடங்குகளிலும் மூத்தவருக்கே முதலிடம் தரும் அச்சமூகத்தில் இந்த மதுவை மட்டும் இளையவர் முதலில் அருந்தினர். புத்தாண்டு பிறந்ததும் அனைவருக்கும் ஒரு வயது கூடுவதாகக் கருதப்பட்டமையால், சிறுவர் ஓர் ஆண்டைப் பெறுகின்றனர், முதியோர் ஓர் ஆண்டை இழக்கின்றனர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பன்னிரண்டாம் நூற்றாண்டில், வடக்கிலிருந்து படையெடுத்தோரிடம் வீழ்ந்துவிட்ட கைஃபெங் தலைநகரை நினைவிலிருந்து எழுதிய மெங் யுவான்லாவ், புத்தாண்டை ஒட்டி அங்கே மூன்று நாட்கள் சூதாட்டத்துக்கு நகர நிருவாகம் அனுமதி தந்ததையும் மக்கள் விடியற்காலை முதலே ஒருவரையொருவர் வாழ்த்தியதையும் குறிப்பிடுகிறார்.

வாழ்த்தச் செல்வதற்குக் கண்டிப்பான வரிசை உண்டு. ஆண்டின் கடைசி இரவில் தந்தைவழிக் குடும்பம் முழுவதும் ஒரே வீட்டில் கூடி உண்டு, விடியும்வரை விழித்திருந்து, முதல் நாள் காலையில் மூதாதையரையும் பின்னர் அவ்வழியில் வந்த பெரியோரையும் வணங்கும். மணமான பெண் அந்த இரவில் கணவன் வீட்டில்தான் இருந்தாக வேண்டும். அவள் பிறந்த வீட்டின் அன்றைய விளக்கைப் பார்க்கக்கூடாது என்ற நம்பிக்கை பல வட்டாரங்களில் இருந்தது. இரண்டாம் நாளில் அவள் கணவனோடும் குழந்தைகளோடும் பரிசுப் பொருட்களை எடுத்துக்கொண்டு தாய்வீடு செல்வாள். மூன்றாம் நாள் சண்டை சச்சரவு நேரும் நாளாகக் கருதப்பட்டதால் பலர் யார் வீட்டுக்கும் செல்வதில்லை. அதன்பின் தாய்மாமன், அத்தை, தொலைவு உறவு, நண்பர் என்று சந்திப்புகள் விரிந்து, முதல் முழுநிலவு நாளாகிய விளக்குத் திருவிழாவோடு முடிவடையும். இம்முறையில் மகளின் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையே ஒரு நாள் நடைக்கு மேற்பட்ட தொலைவு இருந்தால் இரண்டாம் நாள் வழக்கமே குலைந்துவிடும் என்பது கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் நடந்ததும் அதுவே.

மரபை மிகவும் புனிதமாகக் காட்டிக்கொள்ளும் எழுத்தாளர்கள் மறந்துவிடுகிற செய்தி ஒன்றுண்டு: இச்சந்திப்புகளின் சலிப்பும் அவற்றைத் தவிர்க்கும் உத்திகளும் வழக்கத்தைப் போலவே பழையவை. சோங் அரச மரபுக் காலத்திலேயே கற்றோர் தாம் நேரில் செல்லாமல் பெயர் எழுதிய தாளை வேலையாளிடம் கொடுத்து வீடுவீடாக அனுப்பி வைத்தனர். மிங் காலத்துச் சூசோ நகர ஓவியரும் கவிஞருமான வென் ஜெங்மிங், புத்தாண்டுக் காலையில் தம் வீட்டில் இத்தகைய தாள்கள் வந்து குவிவதைக் கவிதையாகவே எழுதியிருக்கிறார். கைப்பேசியில் ஒரே வாழ்த்தை இருநூறு பேருக்கு அனுப்பும் இன்றைய பழக்கத்தை மரபின் வீழ்ச்சி என்று கண்டிப்பதற்கு முன் இதை நினைவிற்கொள்ளுதல் நலம்.

ஆண்டிறுதி கணக்கு முடிக்கும் காலமுமாக இருந்தது. கடன் அனைத்தும் கடைசி இரவுக்குள் தீர்க்கப்பட வேண்டும். விடிந்துவிட்டால் வசூலிப்பது முறையன்று என்பதால் கடனாளிகள் அவ்விரவில் ஒளிந்துகொள்வதும், கடன் கொடுத்தோர் விடிந்த பின்னும் கையில் விளக்கை ஏந்தி இரவு இன்னும் முடியவில்லை என்பதுபோல் தேடி அலைவதும் உண்டு. அலுவலகங்களைப் பொறுத்தவரை, சிங் ஆட்சியில் பன்னிரண்டாம் மாதத்தின் இருபதாம் நாளையொட்டி அரசு முத்திரைகள் பெட்டியில் வைத்து மூடப்பட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பின்னரே மீண்டும் திறக்கப்பட்டன. அக்காலப் பீக்கிங் வழக்கங்களை எழுதிய மஞ்சு இனத்தவரான துன்சோங் இதை விரிவாகக் கூறுகிறார்.

அவ்வாறாயின் தொலைவில் பணியாற்றியோர் அந்த ஒரு மாதத்தில் ஊர் திரும்பினரா என்று கேட்டால், பெரும்பாலோர் திரும்பவில்லை. தாங் அரச மரபின் விடுப்புச் சட்டம் புத்தாண்டுக்கு ஏழு நாள் தந்தது. அதற்குப் புறம்பாக, பெற்றோர் மூவாயிரம் லீக்கு அப்பால், அதாவது ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், வாழும் அதிகாரிக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பயண நாட்கள் நீங்கலாக, ஒரு மாத அளவிலான விடுப்பை அது அனுமதித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடு முழுவதும் பண மாற்று நிறுவனங்களை நடத்திய ஷான்ஷி மாகாண வணிகர்களும் தொலைதூரக் கிளைகளில் இருந்த தம் எழுத்தர்களை மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் ஊருக்கு அனுப்பினர். ஃபூஜியன், குவாங்டோங் கடற்கரைகளிலிருந்து மலாயாவுக்கும் சயாமுக்கும் டச்சு ஆட்சியிலிருந்த தீவுகளுக்கும் கப்பலேறியவர்களுக்கோ இந்த மூன்றாண்டுக் கணக்கும் கிடையாது. ஆண்டிறுதியில் ஆளுக்குப் பதில் பணம்தான் ஊர் போய்ச் சேர்ந்தது. பணத்தையும் சிறு கடிதத்தையும் ஒரே உறையில் சேர்த்துத் தூதர் வழியே அனுப்பிய அந்த முறையின் எஞ்சிய ஆவணங்கள் 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றன. திரும்ப இயலாத இம்மக்கள் குடியேறிய நாடுகளிலேயே விழாவை நிறுவினர். சிறுவருக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துத் தரும் அவர்களது வழக்கத்தை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் ‘அங் பாவ்’ என்ற அதே பெயரோடு தீபாவளிக்கு எடுத்துக்கொண்டது இந்த இடப்பெயர்வின் எதிர்பாராத விளைவுகளுள் ஒன்று.

1912ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் பிறந்த சீனக் குடியரசு, மேலைநாட்டுச் சூரிய நாட்காட்டியை ஏற்றுக்கொண்டது. அரசின் புத்தாண்டும் மக்களின் புத்தாண்டும் இரண்டாகப் பிரிந்துபோன நிலையில், 1914இல் குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாயின் அரசு பழைய புத்தாண்டுக்கு ‘வசந்த விழா’ என்று பெயர் சூட்டி அதை நான்கு பருவ விழாக்களுள் ஒன்றாக அமைத்தது. ஆகவே ‘சுன்ஜியே’ என்று இன்று வழங்கும் பெயர், ஆண்டின் தொடக்கம் என்ற தகுதியை அந்த நாளிடமிருந்து பறிப்பதற்காக ஓர் அமைச்சகம் தீட்டிய பெயரே ஆகும். 1928க்குப் பின் நாஞ்சிங்கைத் தலைநகராகக் கொண்ட தேசியவாத அரசு இன்னும் முன்சென்று, பழைய நாட்காட்டியை அச்சிடுவதையும் அந்நாட்களில் கடைகள் மூடுவதையும் தடை செய்து, வாழ்த்து, விருந்து, வெடி ஆகிய அனைத்தையும் ஜனவரி முதல் நாளுக்கு மாற்ற முயன்றது. மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1934 அளவில் அரசே தடையைத் தளர்த்திக்கொண்டது.

1949 டிசம்பர் 23இல் புதிய மக்கள் குடியரசு வெளியிட்ட விடுமுறை விதி, ஆண்டு முழுவதற்குமான ஏழு பொது விடுமுறை நாட்களில் மூன்றை வசந்த விழாவுக்கு ஒதுக்கியது. ஆனால் அதே அரசுதான் பயணத்துக்கான காரணத்தையும் உண்டாக்கியது. தொழிலாளர்கள் எந்தெந்த ஆலைக்கு, எந்தெந்த மாகாணத்துக்குத் தேவையோ அங்கே அனுப்பப்பட்டனர். கணவன் ஒரு நகரிலும் மனைவி மற்றொரு நகரிலும் பணியாற்றுவது இயல்பாயிற்று. 1958 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட குடும்பப் பதிவு விதி, ‘ஹுகோவ்’ எனப்படும் பதிவின்படி ஒவ்வொருவரையும் ஓர் ஊரோடு பிணைத்தது. பங்கீட்டு அரிசி, பள்ளி, மருத்துவம் அனைத்தும் அப்பதிவைச் சார்ந்திருந்தன, தாயின் கிராமப் பதிவு குழந்தைக்கும் தொடர்ந்தது. அதே ஆண்டில் பிரிந்து வாழும் ஊழியருக்கான உறவினர் சந்திப்பு விடுப்பு விதியும் நடைமுறைக்கு வந்தது. பிரித்து வைக்கும் சட்டமும் சந்திக்க விடும் சட்டமும் ஒரே ஆண்டின் இரட்டைப் பிள்ளைகள்.

1981இல் திருத்தப்பட்ட அவ்விடுப்பு விதி, ஏறத்தாழ பன்னிரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய தாங் சட்டத்தை வியப்பூட்டும் அளவுக்கு நினைவூட்டுகிறது. துணைவரைப் பிரிந்து வாழ்வோருக்கு ஆண்டுக்கு 30 நாள். மணமாகாதோர் பெற்றோரைக் காண ஆண்டுக்கு 20 நாள், அல்லது இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து 45 நாள். மணமானோர் தம் பெற்றோரைக் காண நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 20 நாள். பயணச் செலவைப் பெரும்பாலும் பணியிடமே ஏற்றது. ஆனால் இவ்விதி அரசு அலுவலகங்கள், அரசு ஆலைகள், அவை போன்ற பொது நிறுவனங்கள் ஆகியவற்றின் நிரந்தர ஊழியருக்கு மட்டுமே உரியது. பின்னாளில் தனியார் ஆலைகளையும் கட்டுமானத் தளங்களையும் நிரப்பிய கோடிக்கணக்கான கிராமத்தாருக்கு, அதாவது பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரிந்து மிக நீண்ட காலம் வாழ்ந்தோருக்கு, இதில் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு எஞ்சியது வசந்த விழா ஒன்றே. எல்லோருக்கும் அதே நாட்களே எஞ்சியமையால் எல்லோரும் ஒரே வேளையில் புறப்பட நேர்ந்தது.

இடையில் விழாவே சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டது. பண்பாட்டுப் புரட்சியின்போது, 1967 ஜனவரி இறுதியில், புரட்சியாளர்களின் கோரிக்கை என்று கூறி அரசவை அவ்வாண்டின் வசந்த விழா விடுமுறையை ரத்து செய்தது. சந்திப்பு விடுப்பும் நிறுத்தப்பட்டது. ‘புரட்சிகர வசந்த விழா’ என்ற பெயரில் தொழிலாளர் இயந்திரங்களின் அருகிலேயே நாளைக் கழித்தனர். அதே காலத்தில் ஏறத்தாழ 1.7 கோடி நகர இளைஞர்கள் கிராமங்களுக்கும் எல்லைப் பண்ணைகளுக்கும் அனுப்பப்பட்டனர் என்பதால், விடுமுறை இல்லாத அவ்வாண்டுகளில்தான் வீடு திரும்ப ஏங்குவோரின் எண்ணிக்கை உயர்ந்தது. மாவோ மறைந்த பின்னர், 1979இல் விடுமுறை ஏன் இல்லை என்று கேட்டு வந்த வாசகர் கடிதங்களை மக்கள் நாளிதழ் வெளியிட்டது. அடுத்த ஆண்டில் விழா பழையபடி விடுமுறையாயிற்று.

‘சுன்யுன்’, அதாவது வசந்த காலப் போக்குவரத்து என்னும் நிருவாகச் சொல் பரவலானதும் 1980 முதலே. 1954இலிருந்தே ரயில்வே அமைச்சகம் விழாக் காலத்துக்குத் தனி ஏற்பாடு செய்துவந்தது எனினும், சொல்லின் இன்றைய பொருள் சீர்திருத்தக் காலத்துக்கு உரியது: விழாவுக்கு முன் 15 நாள், பின் 25 நாள், ஆக 40 நாட்கள். 1984இல் தம் உணவுத் தானியத்துக்குத் தாமே பொறுப்பேற்கும் உழவர் சிறு நகரங்களில் குடியேறலாம் என்று அரசு அனுமதித்தபின், சிச்சுவான், ஹூனான், ஹெனான் கிராமங்களிலிருந்து முத்தாற்றுக் கழிமுகத்தின் ஆலைகளுக்கு மனித வெள்ளம் பாய்ந்தது. வேலை நகரத்தில் கிடைத்தது, ஆனால் பதிவு கிராமத்திலேயே நின்றது. குழந்தையை நகரப் பள்ளியில் சேர்க்க இயலாததால் தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்ல வேண்டியதாயிற்று. அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கை, இவ்வாறு கிராமத்தில் விடப்பட்ட குழந்தைகளை 6.1 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. மூன்று ஆண்டுக்குப் பின் அரசுக் கணக்கு 90 லட்சமாகக் குறைந்ததற்குப் பெரும் காரணம், பெரும்பாலும் பெற்றோர் இருவரும் வெளியூரில் இருக்கும் 16 வயதுக்கு உட்பட்டோரை மட்டுமே எண்ணும்படி வரையறை சுருக்கப்பட்டதே ஆகும்.

பயணச் சீட்டு அக்காலத்தில் ஓர் அரசியல் பொருளாயிற்று. ஜன்னல் திறக்கும் பச்சை நிற ரயில் பெட்டிகளில் கழிப்பறை வரை ஆட்கள் நின்றபடி முப்பது, நாற்பது மணி நேரம் பயணம் செய்தனர். ‘மஞ்சள் மாடு’ எனப்பட்ட கள்ளச்சந்தைக்காரர் சீட்டுகளை மொத்தமாக வாங்கி விலையேற்றி விற்றனர். விழாக்காலத்தில் ரயில்வேயே கட்டணத்தை உயர்த்தியதை எதிர்த்து 2001இல் ஒரு வழக்கறிஞர் தொடுத்த வழக்கு தோற்றது. ஆயினும் அடுத்த ஆண்டு பொது விசாரணை நடத்தப்பட்டது, 2007இல் அவ்வுயர்வு கைவிடப்பட்டது. கள்ளச்சந்தையை ஒடுக்க 2010இல் சோதனையாகத் தொடங்கிய, அடையாள எண்ணோடு சீட்டு வழங்கும் முறை 2012இல் எல்லா ரயில்களுக்கும் விரிந்தது. இணையவழி விற்பனையும் இதே காலத்தில் வந்தது. கணினி பழகாத கட்டுமானத் தொழிலாளிக்கு அது தொடக்கத்தில் புதிய தடையாகவே அமைந்தது.

இந்தக் கட்டமைப்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதை 2008 ஜனவரி காட்டியது. பனிப்பொழிவு பழகாத தென்மாகாணங்களில் உறைமழை பெய்து மின்கம்பங்கள் சரிந்தன. பெய்ஜிங்–குவாங்சோ பாதை ஹூனானில் மின்சாரமின்றி நின்றது. குவாங்சோ நிலையத்தைச் சுற்றி லட்சக்கணக்கானோர் மழையில் நாட்கணக்கில் காத்திருந்தனர். தலைமை அமைச்சர் வென் ஜியாபாவ் சாங்ஷா நிலையத்துக்கே சென்று ஒலிபெருக்கியைப் பிடித்துப் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டார். இரு ஆண்டுகளில் திறக்கப்பட்ட வூஹான்–குவாங்சோ அதிவேகப் பாதை பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தை ஏறத்தாழ மூன்று மணி நேரமாகச் சுருக்கியது. அதன் கட்டணம் தர இயலாத பல்லாயிரவர், மனைவியையும் குழந்தையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, மழைத்துணி சுற்றி, குவாங்டோங்கிலிருந்து குவாங்ஷிக்கு மோட்டார் சைக்கிளில் அணியணியாகச் சென்றனர். வழியெங்கும் காவல்துறை அவர்களுக்குச் சூடான கஞ்சியும் ஓய்விடமும் அமைத்துத் தந்தது.

பயணம் எளிதாக ஆக, யாரைக் காண்பது என்பது கடினமாயிற்று. ஒரு குழந்தைக் கொள்கையின் கீழ் பிறந்த ஒற்றைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் மணந்தபோது, கடைசி இரவு விருந்துக்கு இரு வீட்டிலும் ஒரு பிள்ளையே இருந்தது. கணவன் ஹார்பினையும் மனைவி குன்மிங்கையும் சேர்ந்தவர்களானால் இரண்டாம் நாளில் தாய்வீடு செல்வது பொருளற்றது. ஓராண்டு அங்கே, ஓராண்டு இங்கே என்ற ஒப்பந்தத்தைப் பலர் கைக்கொண்டனர். மணமாகாதோர் உறவினரின் விசாரணைக்கு அஞ்சி இணையத்தில் வாடகைக் காதலரைத் தேடியது வேடிக்கைச் செய்தியாக வலம் வந்தாலும், சம்பளம், திருமணம், வீடு என்று அத்தைமார் தொடுக்கும் கேள்விகளின் கூர்மை அதில் தெரிகிறது.

வராத பிள்ளைகளைச் சட்டத்தால் வரவழைக்கவும் முயற்சி நடந்தது. 2013 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட முதியோர் உரிமைச் சட்டம், பிரிந்து வாழும் குடும்பத்தார் பெற்றோரை அடிக்கடி சந்திக்க வேண்டும் என்று விதித்தது. அன்றே வூஷி நகர நீதிமன்றம் 77 வயதுத் தாய் தொடுத்த வழக்கில், மகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் தாயைக் காண வேண்டும் என்றும், விழா நாட்களிலும் வர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 1958இன் பதிவு விதி அப்போதும் நீடித்தது என்பதால், அடிக்கடி வருமாறு கட்டளையிட்ட அரசு தொலைவில் வைத்திருந்த காரணத்தைத் தொடவில்லை.

2019இன் நாற்பது நாட்களில் 298 கோடிப் பயணங்கள் பதிவாயின. அவற்றுள் ரயில் பயணம் 41 கோடி. இவை ஆட்களின் எண்ணிக்கையல்ல, ஏறி இறங்கிய முறைகளின் எண்ணிக்கை. 2020 ஜனவரி 23இல், விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, கொரோனா தொற்றால் வூஹான் மூடப்பட்டபோது, ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர் முன்னரே வெளியேறியிருந்ததாக அதன் மேயர் தெரிவித்தார். அடுத்த ஆண்டில் இருக்கும் இடத்திலேயே விழாவைக் கழிக்குமாறு அரசு வேண்டியதால் பயணங்கள் 87 கோடியாகச் சுருங்கின. 2025இல் இக்கணக்கு 900 கோடியை எட்டியதற்குச் சொந்தக் காரில் செல்வோரையும் சேர்த்து எண்ணத் தொடங்கியதே முதன்மைக் காரணம். ஆயினும் அவ்வெண்ணுக்குள் ஓர் உண்மையான மாற்றம் இருக்கிறது: 2013 முதல் விழா நாட்களில் சிறு வாகனங்களுக்கு நெடுஞ்சாலைச் சுங்கம் இல்லை, பயணங்களில் ஐந்தில் நான்கு பங்கு அளவு இப்போது சாலை வழியே சொந்த வாகனத்தில் நடக்கிறது. நகரத்தில் வீடு வாங்கிய பிள்ளைகளைக் காணக் கிராமத்துப் பெற்றோர் எதிர்த்திசையில் ரயிலேறுவதும் பெருகிவருகிறது. 2025 முதல் கடைசி இரவுக்குரிய நாளும் சட்டப்படி விடுமுறையாகி, மொத்த ஓய்வு அவ்வாண்டில் எட்டு நாளாயிற்று. அதற்குச் சில வாரம் முன், 2024 டிசம்பரில், யுனெஸ்கோ இவ்விழாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருந்தது. ஒரே மாகாணத்துக்குள் மணமுடித்த பெண்கள் இரண்டாம் நாள் காலையில் கணவனின் ஊரிலிருந்து புறப்பட்டு மதிய உணவுக்குத் தாய்வீடு சேர்வது, காரின் தயவால், மீண்டும் இயலும் காரியமாகியிருக்கிறது.